பேச்சுக்கு ஆறு மார்க்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் முத்து சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கூட வேலை பார்க்கும் நர்ஸுகள் கேலி செய்து, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ஷிப்ட் முடிந்து வார்டை ஒப்படைக்கும்போது, "மூணாம் பெட், காய்ச்சல் இல்ல. அஞ்சாம் பெட், சாப்பிட்டார். எட்டாம் பெட், தையல் பிரிக்கணும்," என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வார்டுக்கு அது போதும். வீட்டிலோ பேச ஆளே இல்லை.

கணவரும் மகளும் வெளிநாட்டில் இருந்தார்கள். அவருக்கு ஒரு கிடங்கில் வேலை. அந்த நாட்டுச் சட்டப்படி அவர் வாங்கும் சம்பளத்துக்குப் பிள்ளையை மட்டும்தான் கூட வைத்துக்கொள்ளலாம், மனைவியை அல்ல. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே நாத்தனார் இருந்தாள். முத்து சிஸ்டர் போக வேண்டுமானால் நர்ஸாக, சொந்தக் காலில் போக வேண்டும். அதற்கு ஆங்கிலப் பரீட்சையில் ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும். மகள் போனபோது மழலை மாறவில்லை. இப்போது அவள் பேசும் தமிழில் ஒவ்வொரு மாதமும் இரண்டு சொல் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

முதல் முறை எழுதியபோது, கேட்பதில் ஏழரை, படிப்பதில் ஏழரை, எழுதுவதில் ஏழு, பேசுவதில் ஆறு. கூட்டி நாலால் வகுத்தால் சரியாக ஏழு. சான்றிதழிலும் மொத்தம் ஏழு என்றே போட்டிருந்தது. "என்னங்க, ஏழு வந்துடுச்சு!" என்று போனில் கத்தினாள். அவர் அன்றைக்கே கடைக்குப் போய் அவளுக்கென்று ஒரு தலையணை வாங்கி வைத்தார்.

அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சில் அதை ஏற்கவில்லை. சராசரி எங்களுக்கு வேண்டாம், நாலிலும் தனித்தனியாக ஏழு வேண்டும் என்றார்கள். நாலு நோயாளியின் காய்ச்சலைக் கூட்டி வகுத்து யாரும் மாத்திரை கொடுப்பதில்லை. ஒரு நர்ஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

பேச்சில் ஏன் ஆறு? அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார், இவள் பதில் சொன்னாள், எல்லாம் இலக்கணப்படி. எழுந்து கிளம்பும்போதுதான் வாய் தவறி, 'ஐ வில் கோ அண்ட் கம், சார்' என்று சொல்லிவிட்டாள். அவர் புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவம்தான் ஒரு மார்க்கைத் தின்றது என்று நம்பினாள். சொன்னபடியே அவள் திரும்பப் போக வேண்டியதாகிவிட்டது, பாருங்கள்! இரண்டாம் முறை நாக்கைக் கடித்துக்கொண்டு, விடைபெறாமலே வெளியே வந்தாள். பேச்சுக்கு மறுபடியும் ஆறு.

அதன் பிறகுதான் கோச்சிங் சென்டருக்குப் போனாள். டீச்சர் இவளைவிட வயதில் சின்னவள், வாய் ஓயாதவள். மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்தாள்.

"நீங்க குடும்பத்தோட இருக்கீங்களான்னு கேட்டேன். நோன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருக்கீங்களேக்கா?"

"அதானே உண்மை, டீச்சர்?"

"உண்மைக்கு யாருக்கா மார்க் போடுறா? தடையில்லாம பேசுறதுக்கு ஒரு பங்கு, சொல்வளத்துக்கு ஒரு பங்கு, இலக்கணத்துக்கு ஒண்ணு, உச்சரிப்புக்கு ஒண்ணு. தப்பாப் பேசினா ஒரு பங்குலதான் குறையும். பேசாமலே இருந்தா எதை வச்சு மார்க் போடுவாங்க? ஏன் இல்ல, எங்க இருக்காங்க, எப்படி இருக்கு, எல்லாம் சொல்லணும்."

கிளம்பும்போது சொன்னதற்கு மார்க் குறையுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். டீச்சர் சிரித்தே விட்டாள். "பரீட்சை முடிஞ்சப்புறம் பாட்டே பாடிட்டு வாங்களேன், யார் கேக்கப் போறா?"

ஏன் இல்லை, எப்படி இருக்கிறது. இந்தக் கேள்விகளைத்தான் அவள் இத்தனை நாளாக யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தாள். சாயங்காலம் அறைக்கு வந்து, போனில் இரண்டு நிமிடத்துக்கு அலாரம் வைத்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பேசிப் பார்த்தாள். அரை நிமிடத்தில் அவள் வாழ்க்கை முழுவதும் முடிந்துவிட்டது. மீதி நேரம் நாற்காலியும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தது. அழுகைக்கு எந்தப் பங்கிலும் மார்க் கிடையாது என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

மூன்றாம் முறை வந்த தலைப்பு, உங்களுக்குப் பழக்கமான ஓர் அறை. அவள் தன் அறையைச் சொன்னாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் தன் துணி மட்டும் காய்வது, நாற்காலியோடு பேசுவது. தூரத்தில் இன்னோர் அறையில் உறை பிரிக்காமல் இருக்கும் தலையணைக்கு வந்தாள். அதை மகள் சில நாள் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்று சொல்லப் போனபோது, தேர்வாளர் மெதுவாகக் கையை உயர்த்தி, "தேங்க் யூ," என்றார். இரண்டு நிமிடம் ஆகிவிட்டதாம். அவளுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒரு மனிதர் முகத்தைப் பார்த்து அவள் பேச்சைக் கேட்டார், அதுவும் சம்பளத்துக்கு. கிளம்பும்போது வேண்டுமென்றேதான் சொன்னாள்: 'ஐ வில் கோ அண்ட் கம்.'

பேச்சுக்கு ஏழு வந்தது. மற்ற மூன்றும் குறையவில்லை. கவுன்சிலின் பதிலும் வரட்டும், இன்னொரு முறை ஏமாற வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அதுவும் சரியென்று வந்த அன்று மகளே போனை எடுத்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பறந்தாள்.

"சரிம்மா, போறேன்."

"போறேன்னு சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? போயிட்டு வரேன்னு சொல்லு."

"எப்பப் பாத்தாலும் அதையே சொல்லச் சொல்றே. நான் எங்கேம்மா வரேன்? இங்கயேதானே இருக்கேன்?"

இன்றைக்கு இதற்கு அவளிடம் பதில் இருந்தது.

"சரி, நீ சொல்ல வேண்டாம்," என்றாள் முத்து சிஸ்டர். "நான் சொல்றேன். வரேன்டி."