தங்கச்சியின் நாகு

எனக்குப் பொறாமைக் குணம். ஒளித்து என்ன ஆகப்போகிறது? கல்முனையில் ஒரே வளவுக்குள் வாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வீடு கட்டித் தந்தார். முன்வீடு எனக்கு, பின்வீடு தங்கச்சிக்கு. நான் கல்யாணம் முடித்து ஆறு வருடம், வயிற்றில் ஒன்றுமில்லை. அவளுக்கு ஒரு வருடம் திரும்புவதற்குள் ஆண் பிள்ளை. பிள்ளை பார்க்க வருகிற பெண்களெல்லாம் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற போக்கில், "என்னகா, உனக்கு இன்னும் ஒண்டுமில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சும்மா கிடக்குமா அந்த வாய்கள்!

வாப்பாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் ஒரு மாட்டுப் பட்டி இருந்தது. இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் குர்பானுக்கு அறுக்க ஏற்றிப்போக லொறி வரும். அந்தப் பட்டியிலிருந்து எங்களுக்கு ஆளுக்கொரு நாகு தந்திருந்தார். நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு. இரண்டும் ஒரே வயது, ஒரே நாம்பன் காளைக்குப் பிறந்தவை. வளவின் பின்பக்கம் அருகருகே கட்டியிருந்தோம்.

பாண்டிருப்பிலிருந்து வருகிற மாட்டு டொக்டர், ஒரு பொம்பிளை, பட்டியைத் திருத்துகிறேன் என்று ஒரு கொப்பி போட்டார். எந்த நாகு எப்போது காளைக்குக் கத்தியது, எப்போது சினை ஊசி போட்டது, சினை நின்றதா இல்லையா, எல்லாம் அதில் எழுதுவார். "காலத்தோட சினைப்பிடிக்கிறத தாயா வைப்பம். பிந்துறத குர்பானுக்கு விட்டுருவம்" என்று என் முற்றத்தில் நின்றுகொண்டு சொன்னார். மாட்டைத்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் என் வயிறு பற்றி எரிந்தது.

என் நாகு நேரத்துக்குக் கத்தியது. மூன்று தரம் ஊசி போட்டும் நிற்கவில்லை. அடுத்த வளவுச் சாச்சி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தா. "வீட்டுக்காரியப் போலதான் மாடும்." அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

தங்கச்சியின் நாகு இன்னும் கத்தத் தொடங்கவில்லை. அதற்குள் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. "ராத்தா, என்ட நாகையும் பாத்துக்க. கத்தினா டொக்டருக்குச் சொல்லிரு" என்றாள். ஓம் என்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். விடிந்ததும் அது கத்தியது. சந்தேகமே இல்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு என் நாகின் மேல் ஏறப் பார்த்தது. நான் போனைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்வீட்டில் பிள்ளை அழுதது, உம்மா கொஞ்சுகிற சத்தம் கேட்டது. என்னை உம்மா அப்படி ஒரு நாள் கொஞ்சியதுண்டா? இவளுக்குப் பிள்ளையும் வேண்டும், மாடும் வேண்டும், எல்லாம் முதல் முறையிலேயே வேண்டும்! போனை வைத்துவிட்டேன். ஜன்னலுக்குள்ளால் தங்கச்சி கேட்டாள், "கத்தினதா ராத்தா?"

"தண்ணிக்குக் கத்துது" என்றேன்.

மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் கத்தியது. அதை வளவின் கடைசித் தென்னையில் கொண்டுபோய்க் கட்டி, டீவியைப் பெரிதாக வைத்தேன். அல்லாஹ் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

நாற்பது கழிந்து சில நாளில், பெருநாளுக்கு முன்னால், டொக்டர் கொப்பியோடு வந்தார். வாப்பாவும் வந்திருந்தார். டொக்டர் கைவிட்டுப் பார்த்தார், இரண்டிலும் சினையில்லை. என் நாகின் முதுகில் தட்டினார். "இது நல்ல நாகு. ஊசி நிக்காட்டியும் நேரத்துக்குக் கத்தினது. இன்னொரு தவணை குடுத்துப் பாப்பம் எண்டுதான் இருந்தன். ஆனா ஒண்டத் தனியாப் பாத்து முடிவெடுக்கேலாது, கூடப்பிறந்ததுகளையும் சேர்த்துத்தான் பாக்கணும். தங்கச்சிட நாகு ஒருக்காவும் கத்தல்ல. ஒரே நாம்பன்ட ரெண்டு புள்ளையும் இப்பிடியெண்டா, பிந்துறது இரத்தத்தில இரிக்கு. ரெண்டையும் விட்டுருவம்."

அவளுடையதை விழுத்தப் போய் என்னுடையதையும் சேர்த்து விழுத்தியிருக்கிறேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "நீங்கதானே பாத்த? உண்மையாவே ஒருக்காவும் கத்தல்லியா?"

ஒரு சொல் போதும், இரண்டு நாகும் பிழைக்கும். தங்கச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியது என்றால், ஏன் சொல்லவில்லை என்று வாப்பா கேட்பார். அதற்கு நான் என்ன சொல்வேன்?

"இல்ல மிஸ், கத்தல்ல."

லொறி வந்த அன்று என் நாகு பலகையில் ஏற மாட்டேன் என்று நின்றது. நான் கூப்பிட்டால்தான் வரும் என்று வாப்பா சொன்னார். கூப்பிட்டேன். என் குரலுக்கு ஏறியது. அதன் பின்னால் மற்றதும் ஏறியது.

லொறி ஒழுங்கையைத் தாண்டியதும் தங்கச்சி பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். "என்ட நாகாலதானே ராத்தா உன்டதும் போச்சு. என்ன மன்னிச்சிக்க."

"பரவால்ல, அழாத" என்று அவள் முதுகைத் தடவி, அவளை மன்னித்தேன்.