நாலுக்கு நாலு

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே மேடம். பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்புப் பாடம் எடுப்பவர். கடிகாரம் சரியான நேரம் காட்டினால்கூட, யார் திருத்தி வைத்தது என்று கேட்கிற ரகம். கணவர் தானாக வந்து காபி போட்டுக் கொடுத்தால், வாயில் வைப்பதற்கு முன் "என்ன விஷயம்?" என்பார். வெளியூர் விடுதியில் படிக்கும் மகன் மட்டும் விலக்கு. தினமும் போனில் "எல்லாம் நல்லா போகுதும்மா" என்பான். அவர் மறுபேச்சில்லாமல் நம்புவது அந்த ஒருவனைத்தான்.

அன்று ஆய்வகத்தில் அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. சிமுலேட்டரில் கம்பி, ரூட்டர், கணினி எல்லாமே திரையில் தெரியும் படங்கள்தான். நடந்துகொள்வது மட்டும் அசல் மாதிரி. புதிதாக இணைத்த கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நாலு தகவல் பொட்டலங்கள் அனுப்பினால், பக்கத்து இயந்திரத்தின் முகவரி தெரிவதற்குள் முதல் பொட்டலம் பெரும்பாலும் தொலைந்துபோகும். மூன்றுதான் போய்ச் சேரும். வகுப்பு மொத்தமும் கொடுத்த அறிக்கைகளிலோ, சொல்லி வைத்தாற்போல் நாலுக்கு நாலு.

எவளோ ஒருத்தி ஜோடித்திருக்கிறாள், மற்றதெல்லாம் காப்பி என்று முடிவு கட்டி, முதல் பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டார். அவர் புகார் எழுதிக் கொடுத்தால் அவளுக்கு ஒரு வருடம் பாழ். அது அவளுக்கும் தெரியும்.

"என் கண்ணு முன்னாடி புதுசா செஞ்சு அனுப்பு."

செய்தாள். முதலாவது தொலைந்தது, மூன்று சேர்ந்தன.

"மாட்டிக்கிட்டியா? ரிப்போர்ட்ல இருக்கறது யாரோடது?"

"என்னோடதுதான் மேடம். இப்ப பாருங்க." மறுபடி அனுப்பினாள். முகவரி இப்போது தெரிந்துவிட்டதால் நாலும் போய்ச் சேர்ந்தன.

"அப்ப முதல்ல வந்ததை ஏன் வைக்கலை?"

"வச்சா ஏன் போச்சு, எங்க தப்பு பண்ணினேன்னு குடைவீங்க. அதான் எல்லாரும் நல்லா வந்ததை மட்டும் காட்டுவோம். உங்ககிட்ட மட்டும்தான் மேடம் இப்படி."

அவருக்குச் சுருக்கென்றது. முழு மதிப்பெண் போட்டு அவளை அனுப்பினார். ஆய்வகம் காலியானதும் மகனுக்குப் போன் போட்டார்.

"எல்லாம் நல்லா போகுதும்மா."

"சரிப்பா. நல்லா போகாதது எது? அதைச் சொல்லு. குடைய மாட்டேன்."

அந்தப் பக்கம் அவன் அறைக்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உனக்கு யாரும்மா சொன்னது?" என்றான்.