காசநோய்க்குப் பத்தாயிரம் வாலா

சைக்கிள் மிதிக்கிறவர்கள் துப்புகிற அளவுக்கு வேறு யாரும் துப்பி நான் பார்த்ததில்லை. மேடு ஏற ஏற வாயில் கோழை சேரும். தலையைத் திருப்பி ரோட்டோரம் ஒரு துப்பு. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை காசநோய் விழிப்புணர்வுக்காக நாங்கள் போன பயணத்தில் எல்லார் பனியன் முதுகிலும் அச்சடித்திருந்த வாசகம், 'பொது இடத்தில் எச்சில் துப்பாதீர்'. வரிசையில் பின்னால் வந்த எனக்கு அந்த வாசகமும் தெரியும், அதற்கு மேலே தலை திரும்பித் துப்புவதும் தெரியும். ஊருக்குத்தானே உபதேசம். நானும் துப்பினேன்.

எனக்குச் சர்க்கரை. டாக்டர் சொல்லி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து, விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுகிற ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தேன். ஒருத்தர் சைக்கிள் விலையை இன்னொருத்தர் தெரிந்துகொள்வதுதான் அங்கே முக்கால்வாசிப் பேச்சு. அந்தக் குழுவின் தலைவர்தான் நெடும்பயணத்துக்கும் தலைவர். வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நிகழ்ச்சி வைத்தால் போட்டோ நன்றாக வரும், நீங்கள்தான் உள்ளூர்க்காரர், ஏற்பாடு செய்யுங்கள் என்றார். நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என் அக்கா வேலை பார்க்கும் கம்பெனியைச் சொன்னேன். அவள் என் அக்கா என்பதைச் சொல்லவில்லை.

அக்காவுக்கு இரண்டு மாதமாக இருமல். அந்தக் கம்பெனி வேனில் இருபது பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போவார்கள். ஒருத்தி தொடர்ந்து இருமினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், போர்மேன் காதுக்குப் போகும், 'வீட்ல இருந்து சரியாக்கிட்டு வாத்தா' என்று இறக்கிவிடுவார். சீசன் நேரத்தில் அவள் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடும். ஏற்கெனவே இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள். அதனால் அக்கா சத்தமில்லாமல் இருமக் கற்றுக்கொண்டிருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள், பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்தாள்.

நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் நிகழ்ச்சிக்குச் சுகாதாரப் பணியாளர்கள் ஜீப்பில் வந்து மேசை போடுவதாக இருந்தது. சளி எடுக்கும் டப்பாவை எல்லாத் தொழிலாளிக்கும் கொடுப்பார்கள். அக்காவிடம் போய், "எல்லாரும் வாங்கும்போது நீயும் ஒண்ணு வாங்கிக் குடுத்துரு. யாருக்கும் தெரியாது" என்றேன்.

அக்கா கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "ஏலே, வர்றதுன்னா வா. ஆனா என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாத. தீவாளி முடியிற மட்டும் எனக்கு இந்த வேலை வேணும்."

அவள் தீப்பெட்டி ஒட்டிப் படிக்க வைத்த தம்பி நான். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் நிழலில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நிகழ்ச்சி அன்றைக்குக் கோவில்பட்டியில் டிபன், டிபனுக்கு முன்னால் போட்டோ, பின்னால் போட்டோ என்று இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஜீப் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டதாக போன் வந்தது. அப்படியென்றால் டப்பாவும் இல்லை, மேசையும் இல்லை. தலைவர் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "பரவாயில்ல. விழிப்புணர்வுதான் முக்கியம்" என்றார். அப்போதே நான் அக்காவுக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். கம்பெனிக்குள் யாரும் போன் வைத்திருக்க முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உள்ளே நெருப்பு ஆகாது என்பதால் வரவேற்பைக் கம்பெனியிலிருந்து தள்ளி, தார் ரோட்டில் வைத்திருந்தார்கள். பெண்களை வேலையிலிருந்து அப்படியே கூட்டிவந்து உச்சி வெயிலில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். கை, கழுத்து, இமையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கியது. நடுவில் சிவப்பாக நீளமாக ஒரு பத்தாயிரம் வாலா சரவெடி கிடந்தது.

கல்யாணமோ சடங்கோ, இந்தப் பக்கத்தில் ஆள் வந்தால் வெடி போட வேண்டும். போடாவிட்டால் மரியாதைக் குறைச்சல். நுரையீரலைத் தின்கிற நோயைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு வெடிப் புகையா என்று மேனேஜருக்குத் தோன்றவில்லை, தலைவருக்குத் தோன்றவில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் இவ்வளவு நீளமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காற்றே இல்லை. வெடித்து முடித்ததும் வெள்ளைப் புகை ரோட்டை விட்டு நகராமல் அப்படியே நின்றது. எல்லாரும்தான் இருமினார்கள். புகை கலைந்ததும் மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள், அக்காவால் நிறுத்த முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இடுப்பை மடித்துக் குனிந்து இருமினாள். இரண்டு மாதம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது தலைவருக்கு. மைக்கோடு நேரே அவளிடம் போனார். "பயப்படாதீங்கம்மா. எத்தன நாளா இருக்கு இந்த இருமல்?"

"பொகைதாங்கய்யா," என்றாள் அக்கா.

"பாருங்க, இப்படித்தான் எல்லாரும் பொகைன்னு சொல்லி விட்டுர்றாங்க," என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். அவரே ஒரு மாஸ்க்கை எடுத்து அவள் முகத்தில் மாட்டி, தோளைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பினார். அவளுக்கு இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் ஓரடி தள்ளிப் போனார்கள். போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நாலடி தூரத்தில் நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த பனைமரத்தைப் பார்த்தாள். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று அவள் சொன்னதால்தான் பேசாமல் நின்றேன் என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பச்சைப் பொய். இறுக்கமான பனியனும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற எனக்கு, பொடி அப்பிய முகத்தோடு குனிந்து இருமுகிறவள் என் அக்கா என்று அந்த ஆட்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் வழக்கமாக ஏறுகிற இடத்தில் கம்பெனி வேன் நிற்கவில்லை. நான் அப்போது மதுரை தாண்டி மிதித்துக்கொண்டிருந்தேன். செய்தி தெரிந்தும் சென்னை வரை போய், கழுத்தில் மெடல் மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் திரும்பினேன்.

திரும்பியதும் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். சளி கொடுத்துவிட்டு வந்து, முடிவுக்கு மறுபடியும் போனோம். காசநோய்தான். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், குணமாகிவிடும் என்று அங்கிருந்த நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். பிறகு, "வீட்டு ஆளுங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்மா. இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

அக்கா மாத்திரை அட்டையை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒறவு ஒண்ணும் இல்லம்மா. இவுக சைக்கிள்ல ஊர் ஊராப் போயி இந்தச் சீக்கப் பத்தி எடுத்துச் சொல்றவுக."

நர்ஸ் எழுந்து நின்றார். "நல்ல காரியம் பண்றீங்க சார்" என்று எனக்கு வணக்கம் சொன்னார்.

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.