மலைக்கு அந்தப் பக்கம் ஒரு லயம்

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியபோது பகல் இரண்டு மணி. வானம் மாலை ஆறு மணி போல இருட்டிக் கிடந்தது. பேருந்து நிலையம் வரை நனைந்துகொண்டே நடந்தேன். தலவாக்கலை வழியாக அக்கரப்பத்தனைக்குப் போகும் பேருந்தில் நடத்துனர் சிங்களத்தில் ஏதோ சொல்லி என் பையை வாங்கி எஞ்சின் பக்கம் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "உள்ள தள்ளி உக்காரச் சொல்றாங்க" என்றார். என் ஊரான துறையூரின் பேச்சு அது. கடல் தாண்டி இலங்கை வந்த அலுப்பு ஒரு கணம் விலகியது. ஜன்னலுக்கு வெளியே தேயிலையும் மழையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

நான் கணக்கு ஆசிரியை. கோடை விடுமுறையில் ஒரு மாதம், அக்கரப்பத்தனைக்கு அருகில் தேவாலயம் ஒன்று நடத்தும் ஆதரவற்ற சிறுமியர் இல்லத்தில் சம்பளமின்றிப் பாடம் சொல்லித்தர வந்திருந்தேன். பேருந்து நின்ற இடத்தில் குடையோடு காத்திருந்தவர் இல்லத்தின் காப்பாளர் செல்வராணி அக்கா. ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். "குளிருக்கு ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நான் கொண்டுவந்திருந்தது மெல்லிய சால்வை ஒன்றுதான்.

இல்லத்தில் பன்னிரண்டு சிறுமிகள். சுவர்களில் ஈரம் பூத்திருக்கும். துணிகள் நாள் கணக்கில் காயாது. பிள்ளைகள் காலையில் பள்ளி, மாலையில் என்னிடம் கணக்கு, பிறகு ஜெபம், சாப்பாடு, படுக்கை என்று ஓசையில்லாமல் வாழ்ந்தார்கள். யமுனாவுக்குப் பதினொரு வயது. கணக்கில் கெட்டி. முதல் நாளே, கேட்காமலே, "எனக்கு அம்மா இல்ல டீச்சர், செத்துட்டாங்க" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அப்பாவும் முன்பே இறந்துவிட்டதாக அக்கா சொன்னார்.

மூன்றாவது வாரம், பிள்ளைகளை மலை ஏற அழைத்துப் போகலாம் என்றேன். எனக்கே அந்த இருட்டறைகள் தாங்கவில்லை. மலை ஏறப் போகிறோம் என்று அறிவித்ததும் ஒருத்தி, "கொழுந்து எடுக்கவா டீச்சர்?" என்று கேட்டாள். தோட்டத்தில் மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. உச்சிக்குச் சும்மா ஏறிவிட்டுச் சும்மா இறங்குவோம் என்று விளக்க வேண்டியிருந்தது. அக்கா வெகுநேரம் யோசித்துத்தான் சம்மதித்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். அட்டை ஏறாமலிருக்கக் கால்களில் சோப்பு தேய்த்துக்கொண்டோம். இல்லத்துக்குப் பின்னாலிருக்கும் மலையைக் கொடிக்கல் என்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பிறகு காடு. பாசி பிடித்த மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, பேசாமல் ஏறினார்கள். அதை உல்லாசப் பயணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

உச்சியில் ஒரு வழுக்குப்பாறை. ரொட்டியும் கட்டச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் பிரித்தோம். சுற்றிலும் வெள்ளைப் பனி. சாப்பிட்டு முடிக்கும் நேரம் காற்று மாறி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கு சட்டென்று திறந்தது. தேயிலை, வெள்ளையடித்த சிறு கோயில், தகரக் கூரை போட்ட லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள். ஒருத்தி கையை நீட்டி, தான் பிறந்த தோட்டம் அங்கேதான் என்றாள். இன்னொருத்தி வேறொரு திசையைக் காட்டினாள். முதன்முதலாக அவர்கள் சத்தமாகப் பேசுவதைக் கேட்டு நான் மகிழ்ந்துபோனேன். யார் வீடு எங்கே, காட்டுங்கள் என்று தூண்டிவிட்டேன். யமுனா மட்டும் எதையும் காட்டவில்லை. பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராணி அக்கா, போதும், கிளம்புங்கள் என்றார்.

பனி மறுபடி மூடியது. இறங்கத் தொடங்கி, காட்டுக்குள் நுழையுமுன் எண்ணிப் பார்த்தபோது யமுனா இல்லை.

கூப்பிட்டோம். பதில் இல்லை. அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு; பாறைகளோ மழையில் சோப்புக்கட்டி. அக்கா என்னைத் தனியே இழுத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"கீழ எறங்கியிருப்பா. அந்தக் கோயிலுக்குப் பக்கத்து லயத்துல அவ அம்மா இருக்கு."

செத்துவிட்டதாக அல்லவா சொன்னாள் என்றேன்.

"அப்படிச் சொல்லித்தான் சேத்திருக்கு. நான் போனா தோட்டமே பேசும். நீங்க போங்க. வழி தப்புன புள்ளையத் தேடி வெளியூர் டீச்சர் வந்தாங்கன்னு இருக்கட்டும்."

மற்றவர்களை அக்கா அழைத்துப் போனார். நான் அந்தப் பக்கமாக, புல்லைப் பிடித்தும் உட்கார்ந்து சறுக்கியும் இறங்கினேன். தேயிலை தொடங்கும் இடத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன். ஒரு சின்னப்பிள்ளை ஓடியதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு, என்னைக் கேளாமலே முன்னால் நடக்கத் தொடங்கினாள். அவள்தான் யமுனாவின் அம்மா என்பது லயத்துக்குப் போன பிறகே எனக்கு விளங்கியது.

யமுனா கடைசி வீட்டின் சாத்திய கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம். கணுக்காலில் அட்டைகள். அம்மாவைக் கண்டதும் எழுந்தாள், ஓடி வரவில்லை. அந்தப் பெண் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மகளை உள்ளே இழுத்து, என்னையும் அழைத்துக் கதவைச் சாத்தினாள். ஒரே அறை. தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கியது. பக்கத்து வீட்டுச் சிறுமி அதை ஆட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆணியில் ஓர் ஆணின் சட்டை. அவள் வெந்நீர் வைத்தாள், அட்டைகளைப் பிடுங்கினாள், காலைக் கழுவினாள், ஈரத்தலையைத் துவட்டி இரட்டைச் சடை பின்னினாள். எனக்குத் தேநீர் தந்தாள்.

பிறகு அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இவ அப்பா போன பெறகு நான் கட்டிக்கிட்டவரு பகல்லயே குடிச்சிட்டு வருவாரு டீச்சர். இவளப் பாத்தா அடிப்பாரு. அடியோட நிக்கிற ஆளு இல்ல. அதான் நான் செத்ததா என் கூடப்பொறந்த அக்காவ விட்டுச் சொல்லச் சொன்னேன். ஆளு இருந்தா அங்க எடுக்க மாட்டாங்கன்னாங்க."

"அம்மா, நான் ஓரமா படுத்துக்குவேன்" என்றாள் யமுனா.

அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "கூட்டிக்கிட்டுப் போங்க. அவரு வர்ற நேரம்" என்று என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவில் தூரத்தில் நின்று, தேவாலயத்துக்குப் போகும் இல்லத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதாகவும், அதை இவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். யமுனா பக்கத்தில்தான் நின்றாள்.

பேருந்து வரும் பாதைவரை அவள் வரவில்லை. லயத்தின் முனையில், குழாயடியில் நின்றுவிட்டாள். சுற்றுப்பாதையில் இல்லம் திரும்பப் பிற்பகல் கழிந்துவிட்டது. பேருந்தில் யமுனா அழவில்லை. சடையை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் சூழ்ந்துகொண்டபோது, "வழி தப்பிட்டேன்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்காவிடம், இதை நிர்வாகத்திடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன்.

"சொன்னா மொதல்ல யமுனா போவா" என்றார். "இங்க பாதிப் பேருக்கு யாராச்சும் இருக்காங்க டீச்சர்."

நான் சொல்லவில்லை. அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. யமுனா அந்தச் சடையை அவிழ்க்காமல் அது தானாகக் கலையும்வரை வைத்திருந்தாள். மீதி நாள்களில் மலைப்பக்கமே நாங்கள் போகவில்லை. மழை விடாமல் பெய்தது.

புறப்படும் காலையில் யமுனா என்னோடு பேருந்துவரை வந்தாள். துறையூரில் வெயில் எப்படி இருக்கும், அங்கே மழைக்கு ஏன் ஏங்குவார்கள் என்றெல்லாம் கேட்டாள். எங்கள் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேத்திக்கு நான் அந்த ஊரின் வெயிலைச் சொல்லி விளங்கவைக்க முயன்றேன். பேருந்து திரும்பி நின்றது. என் பையை ஏற்றிவிட்டு, படிக்கட்டின் கீழே நின்று கேட்டாள்.

"அங்க போயி எங்களப் பத்தி யார்கிட்டயாவது சொல்லுவீங்களா டீச்சர்?"

சொல்லுவேன், உனக்குப் பிடிக்காவிட்டால் சொல்லமாட்டேன் என்றேன்.

"சொல்லுங்க" என்றாள். "எனக்கு அம்மா இருக்காங்கன்னு அங்க சொல்லலாம். அங்க யாருக்கும் என்னைத் தெரியாதுல்ல."

யமுனா என்பது அவள் பெயரில்லை. அவளுக்கு அம்மா இருக்கிறார்.