கட்டிலில் படுத்துப் பார்த்த பரீட்சை

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகைகளும் சாலைகளும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மண் சுமக்கவும் கல் உடைக்கவும் வந்த கூலிக்காரர்கள் குடும்பத்தோடு குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களுக்காக ஓலைக் கூரை போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதில் நான் நர்ஸ். பூந்தமல்லியிலிருந்து வந்து, பின்னாலிருந்த ஓர் அறையில் தங்கியிருந்தேன்.

கூட்டம் பெருகப் பெருக எங்களால் சமாளிக்க முடியவில்லை. பெண்கள் வார்டுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து உதவியாளர்களைச் சேர்த்துப் பழக்குவது என்று டாக்டர் முடிவு செய்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, யுத்தத்துக்காகத் திரும்பி வந்தவர். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. பாடங்களை அவரே இங்கிலீஷில் எழுதினார். தமிழில் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

வந்தவர்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள், நாற்று நட்டவர்கள், சந்தையில் பேரம் பேசியவர்கள். அவர்களை வரிசையாகக் கோரைப்பாயில் உட்கார வைத்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எதிரில் நின்று பேசினேன். கையை எப்படிக் கழுவ வேண்டும், மலம் எடுத்த சட்டியை எதில் ஊற வைக்க வேண்டும், பேதி கண்டவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "ஆங், புரிஞ்சுதும்மா" என்று ஒரே குரலில் பதில் வரும். புரியவில்லை என்று சொன்னால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று அவர்கள் நினைத்தார்கள். இதை வெகுநாள் கழித்து அவர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி கேட்டவள் ஒருத்திதான். வெள்ளானூர்க்காரி, மோர் விற்றுப் பிழைத்தவள். வாட்டசாட்டமான உடம்பு, கூரை அதிரும் குரல். புருஷன் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தாள். வாந்திபேதிப் பாடம் நடத்தினேன். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை, நோயாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். அவள் முன்னால் நகர்ந்து வந்தாள்.

"இன்னா நர்சம்மா சொல்றே? தண்ணி குட்தா இன்னும் போவாதா?"

"போகும். ஆனா போன தண்ணிக்குப் பதிலா உடம்புக்குத் தண்ணி வேணும்ல அக்கா? அதில்லாமத்தான் ஆள் செத்துப் போறாங்க."

"எல்லாருக்கும் அப்டித்தானா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்."

மறுநாளும் அதையே கேட்டாள். வாரக் கடைசியில் மறுபடியும் கேட்டாள். எவ்வளவு ஆர்வம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாடங்கள் எல்லாம் முடிந்ததும் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். சிலர் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளானூர்க்காரி மட்டும் மழை கொட்டியது போலப் பதில் சொன்னாள். டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. "பேதி வார்டுக்கு இவளைப் போடுங்க. இவதான் முதல்" என்றார்.

அவள் வார்டுக்குள் வந்த முதல் நாள் காலை, சாலை வேலை செய்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தாள். நான் அவளுக்கு உப்புத் தண்ணீர் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். "தண்ணி... தண்ணி..." என்று முனகினாள். வெள்ளானூர்க்காரி டம்ளரோடு கட்டிலருகே வந்தாள். நின்றாள். "குடுங்க அக்கா" என்றேன். அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். போனவள் திரும்பவில்லை.

டாக்டருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "அத்தனையும் ஒப்பிச்சாளே! கடைசியில அசிங்கம்னு ஓடிட்டா பாருங்க. நிறுத்திடுங்க அவளை."

அசிங்கப்பட்டு ஓடுகிறவளாக எனக்குத் தோன்றவில்லை. பயிற்சி நாட்களில் சட்டி கழுவ முதலில் எழுந்தவள் அவள்தான். மறுநாள் மத்தியானம் எனக்கு ஓய்வு. ஏரிக்கரையோடு நடந்து வெள்ளானூருக்குப் போனேன்.

வீட்டுப் பக்கத்தில் அவள் தயிர்ப்பானைகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அந்தப் பெரிய குரலைக் காணோம்.

"திட்றதுக்கு வந்தியாமா?"

"இல்லக்கா. உடம்பு சரியில்லையோன்னு பார்க்க வந்தேன்."

"உடம்புக்கு இன்னா, கல்லு மாரி கீது." குனிந்து பானையை மறுபடி துலக்க ஆரம்பித்தாள். பிறகு சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு பேதிலதான் போனாரு. தண்ணி தண்ணின்னு கேட்டுகினே இருந்தாரு. குட்தா இன்னும் போவும், குடுக்காதேன்னு எல்லாரும் சொன்னாங்கோ. நானும் குடுக்கல. ஈரத்துணிய ஒதட்டுல வெச்சேன், அத்தப் புடிச்சு உறிஞ்சினாரு. அத்தயும் புடுங்கிட்டேன்."

துலக்கிய பானையைக் கீழே வைத்தாள்.

"நீ பாடம் சொல்றப்ப, ஒருவேளை அவருக்கு வேற மாரி பேதியோன்னு நெனச்சேன். அதான் கேட்டுகினே இருந்தேன். எல்லாருக்கும் அப்டித்தான்னு சொல்லிட்டே நீ."

வீட்டுக்குள்ளிருந்து கன்றுக்குட்டி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்லலாம். அது அவளுக்கும் தெரியும். அவளோடு சேர்ந்து பானைகளைக் கவிழ்த்து வைத்தேன். கிளம்பும்போது, "வார்டுக்குள்ள வர வேணாம்க்கா. தண்ணி காய்ச்சி ஆத்தி எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. அதை மட்டும் வந்து பாருங்களேன்" என்றேன்.

இரண்டொரு நாள் கழித்து வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, பெரிய அண்டாவை ஏற்றி, அடுப்பு ஊதினாள். தண்ணீரை வார்டு வாசல்வரை கொண்டுவந்து வைப்பாள். நிலைப்படியைத் தாண்ட மாட்டாள்.

அதற்குள் மற்றவர்களின் வேலையையும் கவனித்தேன். பாடத்தை மறந்தவர்கள் சிலர் தாங்களாகவே தேறிக்கொண்டிருந்தார்கள். நன்றாகச் சொன்னவர்களில் சிலர் நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைப் புரட்டினார்கள். அன்றைய பரீட்சை வாயைத்தான் அளந்திருக்கிறது, கையை அளக்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன்.

"அப்போ எப்படி அளக்கறதாம்?" என்று கேட்டார்.

"ஒருத்தி கட்டில்ல படுக்கட்டும். இன்னொருத்தி பார்த்துக்கட்டும். எப்படி இருந்ததுன்னு படுத்தவ சொல்லட்டும்."

"இதென்ன பொம்மை விளையாட்டா?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நோயாளிகள் குறைவாக இருந்த ஒரு மத்தியானம் காலிக் கட்டிலில் ஆரம்பித்தோம். முதலில் ஒரே சிரிப்பு. "ஐயோ, கை ஐஸ் மாரி கீதுடி!" என்று படுத்திருந்தவள் கத்தினாள். "போர்வைய இஸ்த்தியே, ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள் இன்னொருத்தி. நான் பாயில் உட்கார வைத்து வாரக்கணக்கில் சொன்னதெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் அவர்களுக்கு ஏறிற்று. நோயாளியாகப் படுத்தவர்கள்தான் அதிகம் கற்றார்கள் என்று நினைக்கிறேன். நானும் படுத்துப் பார்த்தேன். மேலே நின்று பேசுகிறவரின் முகம் அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளானூர்க்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் சிரிப்பதைக் கேட்டு, ஆள் யாரும் உண்மையில் சாகவில்லை என்ற தைரியம் வந்ததோ என்னவோ, மூன்றாவதோ நான்காவதோ நாளில் உள்ளே வந்து, "நான் படுக்கட்டா?" என்றாள். படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒருத்தி டம்ளரைக் கொண்டுவந்து அவள் வாயில் சாய்த்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "படுத்துகினு இருந்தா முழுங்க வரலமா. தலைய தூக்கிப் புடிக்கணும்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரே வந்தார். எட்டநின்று பார்த்தார். பிறகு மேல்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "நகருங்க" என்று சொல்லிக் கட்டிலில் படுத்துவிட்டார். பெண்களுக்குச் சிரிப்பும் பயமுமாக வந்தது. பெரிய டாக்டர் ஐயாவைத் தொட யாருக்கும் துணிவில்லை. ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளினார்கள்.

"எனக்குத் தாகமா இருக்கு. யாராவது வருவீங்களா, நான் இப்படியே கிடக்கணுமா?" என்றார்.

வெள்ளானூர்க்காரிதான் போனாள். டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "தலைய தூக்கப் போறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்தாள். ஒரு வாய் கொடுத்தாள். காத்திருந்தாள். மறுபடி ஒரு வாய். டாக்டர் போதும் என்று தலையசைத்தார். "இன்னும் கொஞ்சம் குடிங்க ஐயா" என்றாள். குடித்தார். டம்ளர் காலியாகும்வரை அவள் விடவில்லை.

டாக்டர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். "பாஸ்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் ஏன் அன்றைக்கு ஓடினாள் என்று கேட்டார். சொன்னேன். "இது தெரியாம ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கோம்" என்றார்.

ஐப்பசி மழையில் குடிசைகள் முழுகின. பேதி பரவிற்று. ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்தோம். வெள்ளானூர்க்காரி வார்டுக்குள் இருந்தாள். பயம் முழுக்கப் போகவில்லை. யாராவது "தண்ணி" என்று முனகும்போது ஒரு கணம் நிற்பாள், மூச்சை இழுத்துக்கொள்வாள், பிறகு போவாள். அவள் கையில் தண்ணீர் குடித்தவர்களில் பலர் எழுந்து நடந்து போனார்கள். சிலர் போகவில்லை. முதல் சாவன்று அவள் மறுபடி ஓடிவிடுவாளோ என்று பயந்தேன். செத்துப்போனவளின் வாயைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, என்னிடம் வந்தாள்.

"குட்தேன் நர்சம்மா. கேக்கக் கேக்கக் குட்தேன்."

"பார்த்தேங்க்கா."

"போய்ட்டா. ஆனா தாகத்தோட போவல."

அடுத்த கூட்டத்தைப் பழக்கும்போது பாடத்தை டாக்டர் மாற்றிவிட்டார். கோரைப்பாயும் நாற்காலியும் போய்விட்டன. முதல் நாளே வார்டு. வந்தவர்களிடம் எதையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், அவரவர் வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தது, என்ன செய்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு மாதம் வேலை பார்த்த பிறகுதான் பரீட்சை. அதுவும் நோயாளிகளைக் கேட்டுத்தான்.

வாந்திபேதிப் பாடத்தை நடத்தப் போன நாளில் புதிதாக வந்த ஒரு பெண், "தண்ணி குட்தா இன்னும் போவாதாமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன்க்கா கேக்கறீங்க?" என்றேன்.