உட்கார்ந்து பார்க்கிற வேலை

பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். சாயங்காலமானால் எங்கள் மலையூரின் ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே, ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறையில், ஓட்டல்களில் வேலை செய்கிறவர்களுக்கு மறுபடியும் அதே ஆங்கிலம். எனக்குத் தொண்டையும் போயிருந்தது, பொறுமையும் போயிருந்தது.

என்னை அதிகம் படுத்தியது ‘புக்’ என்ற சொல். புத்தகமும் புக்தான், அறையை முன்பதிவு செய்வதும் புக்தான். அது நிற்கிற இடத்தைப் பார்த்துப் பெயரா வினையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பேசச் சொன்னால் ‘ஐ புக் டூ தி ரூம்’ என்பார்கள். எந்த ஆங்கிலச் சொல்லானாலும் பின்னால் ஒரு ‘பண்ணு’ சேர்த்துக்கொண்டு பிழைக்கிறவர்கள் நாம். புக் பண்ணு, கிளீன் பண்ணு, வெயிட் பண்ணு. அந்தப் பண்ணுவை ‘டூ’ ஆக்கி ஆங்கிலத்துக்குள்ளும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தினமும் அதைக் களைபோலப் பிடுங்கிப் போடுவேன். மறுநாள் முளைத்திருக்கும்.

அவர்களில் ஓர் அக்கா இருந்தார். வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஓட்டல் ஒன்றில் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. முட்டி தேய்ந்துபோய், படி ஏறவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். ஏரிப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஓட்டலில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டு என்னிடம் வந்திருந்தார்.

“இங்கிலீசு மேல ஆசையெல்லாம் இல்லீங்க டீச்சர். உக்காந்து பாக்கற வேலையா ஒண்ணு கெடச்சாப் போதுமுங்க. முட்டி நொம்ப வலிக்குது” என்றார்.

அவர் வேலை செய்த ஓட்டலில் ரிசப்ஷன்காரர் சுழல் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லையாம்.

அதற்குப் பிறகு எனக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நான் விருந்தாளியாக நின்றேன். வெந்நீர் வரவில்லை என்று கத்தினேன். ‘ஐ நீட் ஹெல்ப்’ என்றால் ‘ஐ வில் ஹெல்ப் யூ’ என்று பதில் வரவேண்டும். வராது, ‘ஹெல்ப் டூ’ என்றுதான் வரும். மறுபடியும் கத்துவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். இப்படி எத்தனையோ சாயங்காலங்கள். ஒரு மழைநாளில், ‘ஐ வில் புக் இட் ஃபார் யூ, மேடம்’ என்றார். நடுவில் எங்கும் தடுமாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

வேலை கிடைத்தது. ஒரு பை நிறையப் பேரிக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்லிக் கொடுத்து ஒருவருக்காவது காரியம் நடந்தது என்ற நிம்மதியில் சில மாதம் ஓடியது.

சீசன் தொடங்கியதும் சொந்தக்காரர்களுக்கு அறை கேட்க அந்த ஓட்டலுக்குப் போனேன். நெஞ்சு உயரத்துக்குப் பளபளவென்று கிரானைட் மேடை. அதன் பின்னால் பட்டுக்கரை வைத்த சேலையில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மேடையில் கையை ஊன்றி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினார். உட்காரச் சொல்லலாம் என்று மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நாற்காலி இல்லை.

“உக்காந்திருந்தா வர்றவங்களுக்கு மரியாதை இல்லையாமுங்க. அதனால சேரே போடலீங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரூம் தொடைக்கறப்பவாச்சும் கதவச் சாத்திட்டுக் கட்டில்ல சித்த நேரம் உக்காந்துக்குவனுங்க” என்றார்.

ஆங்கிலம் பேசுகிற வேலையென்றால் நாற்காலியும் கூடவே வரும் என்று நாங்கள் இரண்டு பேருமே நம்பியிருந்தோம்.

அதற்குள் பெங்களூர்க் குடும்பம் ஒன்று பெட்டிகளோடு உள்ளே வந்தது. அக்கா ஊன்றிய கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று பேச ஆரம்பித்தார். ஒரு பிழைகூட இல்லாத ஆங்கிலம். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.