ஆட்டுக்குப் போட்ட கீரை

கண் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மா இருந்தாள், நான் இருந்தேன். ஐந்து வயதுத் தங்கை தனம் வெளிச்சத்துக்குக் கூசி, அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள். அப்பா வரவில்லை. எங்கள் ஊர் ஒரகடத்தில் மாரியம்மனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "ஆத்தா போட்ட அம்மை முத்து, அவளே எடுப்பா. ஊசி கீசின்னு போனா கோவம் வரும்" என்பது அவர் பேச்சு.

தனத்துக்கு மணல்வாரி (தட்டம்மை) இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் கழிச்சல் நிற்கவில்லை. அதனால் பத்தியத்தை நீட்டினோம். கஞ்சி, மறுபடியும் கஞ்சி. எண்ணெய் இல்லை, முட்டை இல்லை, கீரை கூடவே கூடாது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தனம் தட்டைத் தேடித் தரையைத் தடவினாள். "இன்னாடி, கோலம் போடுறியா?" என்று அம்மா சிரித்தாள். அது மாலைக்கண் (மங்கிய வெளிச்சத்தில் பார்வை தெரியாமை). வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது முடித்த எனக்கும் அது தெரியவில்லை.

டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார். வலது கருவிழி இளகிவிட்டது, இனிப் பார்வை வராது. இடதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். உடம்பில் மிச்சமிருந்த வைட்டமின் ஏ-யை (பார்வைக்கு வேண்டிய சத்து) அம்மை தீர்த்துவிட்டதாம்.

"வீட்ல முருங்கை மரம் இருக்கா?"

"கீதும்மா. ஆட்டுக்கு ஒடிச்சிப் போடுவோம்."

"ஆட்டுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மாவும் களைத்துத்தான் இருந்தார். "மருந்து நான் தரேன். மறுபடி வராம இருக்கச் சோறுதாம்மா மருந்து" என்றார்.

வீட்டுக்கு வந்து, எண்ணெய் விட்டுக் கடைந்த கீரையைச் சோற்றில் பிசைந்தோம். தனம் வாயைத் திறக்கவில்லை.

"நான் இன்னா ஆடா?"

கட்டுப் போட்ட கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு "மே" என்று கத்தினார்.

"நைனாதான் ஆடு!" என்று அவள் வாயைத் திறந்தாள்.

அதன்பிறகு கீரை ஒடிப்பது அப்பா வேலையாயிற்று. பொழுது சாய்ந்ததும் அவள் முன் ஒரு டம்ளரை நீட்டுவார். பல நாள் அவள் கை காற்றில் துழாவியது. ஒருநாள் நேராக வந்து வாங்கிக்கொண்டது. அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அம்மை கண்ட பிள்ளையை வைத்திருப்பவர்களே, பட்டினி போடாதீர்கள். கண் மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். எங்கள் வீட்டில் இப்போது நாளைக் கணக்கிடுவது விளக்கு வைக்கும் நேரத்தை வைத்துத்தான். அந்த நேரத்தில் என்னையறியாமல் வலது கண்ணை மூடி, பாதியாகிப்போன வாசலைப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. கீரை எங்கள் மரத்தது. ஆன செலவு பஸ்ஸுக்குக் கொடுத்த சில்லறையும், தனத்தின் வலது கண்ணும்.